பூச்சு என்பது வசைச்சொல் அல்ல

போன மாதம் ஒரு நாவல் விவாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இருபது பேர் இருந்திருப்போம். பேசியவர்களில் ஒருவர் நாவலை முழுக்கப் படித்து, குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கடைசியில் தீர்ப்பு சொன்னார்: “எல்லாம் மேற்பூச்சு சார். சுரண்டினா உள்ள ஒண்ணும் இல்ல.” கூட்டம் தலையாட்டியது. நானும் ஆட்டினேன். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. எந்தப் பொருளைச் சுரண்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது?

நம் விமரிசன அகராதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆழம் நல்லது, மேலோட்டம் கெட்டது. சாரம் உண்மை, தோற்றம் பொய். பூச்சு, முலாம், பாலிஷ், கவரிங் எல்லாமே திட்டு. பள்ளிக்கூடச் சுவரிலேயே ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்று எழுதிப்போட்டு வளர்த்துவிட்டார்கள். இருபது வயதில் எழுத வருகிற ஒருவர் முதலில் கற்றுக்கொள்வது இந்தப் படிநிலையைத்தான்: உள்ளே இருப்பது உயர்ந்தது, மேலே இருப்பது தாழ்ந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் படிநிலைக்கு எதிரானது. பொருள்களின் உலகத்தில் அது தவறு. தவறு என்பதோடு முடிந்தால் பரவாயில்லை, அதற்கு விலையும் உண்டு. அந்த விலையை நாம் கொடுப்பதில்லை, வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓர் உவமையை வைத்துக்கொண்டு இலக்கியக் கோட்பாடு நிறுவ நான் வரவில்லை. பட்டறையிலிருந்து ‘பூச்சு’ என்ற சொல்லைக் கடன் வாங்கியது நீங்கள்தான். கடன் கொடுத்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்ல வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

1

நான் படித்தது மெக்கானிக்கல். பிழைப்பு மென்பொருளில். கல்லூரியில் உலோகவியல் எடுத்த ஆசிரியர் இரும்பு-கார்பன் வரைபடத்துக்கு மூன்று வாரம் செலவழித்தார். மேற்பரப்புக் கடினமாக்கலை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, “இதெல்லாம் நீங்களே வாசிச்சுக்கலாம்பா” என்றார். அங்கேயும் அதே படிநிலைதான். உள்கட்டமைப்பு என்றால் அறிவியல், மேற்பரப்பு என்றால் சில்லறை வேலை.

ஆனால் பொருள்கள் எங்கே சாகின்றன? பெரும்பாலும் மேற்பரப்பில். துரு மேலிருந்து தொடங்குகிறது. தேய்மானம் மேலே நடக்கிறது. திரும்பத் திரும்ப வளைந்து நிமிரும் ஓர் அச்சு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடிகிறதே, அந்த விரிசலும் அநேகமாக மேற்பரப்பின் ஒரு சிறு கீறலில்தான் கண்விழிக்கிறது. அதனால்தான் வால்வு ஸ்பிரிங்குகளின் மேல் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடிக்கிறார்கள். ‘ஷாட் பீனிங்’ என்று பெயர். ஒவ்வொரு குண்டும் ஒரு நுண்ணிய பள்ளம் போடுகிறது. அந்த அடியில் மேல்தோல் இறுகி, அமுக்கத்திலேயே நின்றுவிடுகிறது. விரிசல் வாய் திறக்கப் பார்த்தால் அந்த அமுக்கம் அதை மூடியே வைத்திருக்கிறது. புதிதாக ஒரு பொருளும் சேர்க்கவில்லை. மேற்பரப்பின் நிலையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், ஆயுள் பல மடங்கு நீள்கிறது.

உங்கள் வண்டியின் கியரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து வெளிவரை ஒரே சீராகக் கெட்டிப்படுத்தினால் என்ன ஆகும்? முதல் பலமான அடியில் பல் உடைந்துவிடும். கடினமும் நொறுங்கும் குணமும் கூடவே வரும். அதனால் சுமார் 0.2 சதவீதம் கார்பன் மட்டுமே உள்ள மென்மையான எஃகில் கியரைச் செய்கிறார்கள். பிறகு 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கார்பன் நிறைந்த வாயுவில் சில மணி நேரம் வைக்கிறார்கள். கார்பன் மெதுவாகத் தோலுக்குள் ஊறுகிறது, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அப்படியே எண்ணெயில் அமிழ்த்தினால் தோல் கடினமாகிறது, உள்ளே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் தன்மை மிஞ்சுகிறது. ஒன்று தேயாமல் பார்த்துக்கொள்கிறது, மற்றது உடையாமல் பார்த்துக்கொள்கிறது. இதில் எது சாரம், எது தோற்றம்? கேள்வியே அபத்தமாகப் படுகிறதல்லவா?

“சரி, எவர்சில்வர் இருக்கே, அது பூச்சே இல்லாத சுத்தமான பொருள்தானே?” என்று கேட்கலாம். இல்லீங்க. எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தால், அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலம் போட்டுக்கொள்கிறது. தடிமன் சில நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. கீறினால் தானாகவே மறுபடி வளரும். நம் வீட்டுச் சொம்பு துருப்பிடிக்காமல் இருப்பது அந்தப் படலத்தின் புண்ணியம். நீங்கள் பூச்சற்றது என்று நம்புவது, தனக்குத்தானே ஓயாமல் பூச்சு போட்டுக்கொண்டிருக்கிறது.

2

எல்லாப் பூச்சும் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. ஏமாற்றுகிற பூச்சு உண்டு. அதை அடையாளம் காணப் பட்டறையில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது, நம் விமரிசகர் சொன்ன அதே சுரண்டல்தான். ஆனால் சுரண்டினால் உள்ளே என்ன தெரிகிறது என்று பட்டறைக்காரர் பார்ப்பதில்லை. சுரண்டிய பிறகு அந்த இடத்துக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கிறார்.

தமிழில் கூரைத் தகட்டையும் தகரம் என்கிறோம், பிஸ்கட் டப்பாவையும் தகரம் என்கிறோம். இரண்டும் உள்ளே இரும்பு. கூரைத் தகட்டின் மேல் துத்தநாகம், டப்பாவின் மேல் வெள்ளீயம். இரண்டையும் ஆணியால் கீறி மழையில் போடுங்கள். மின்வேதியியல் வரிசையில் இரும்பின் திட்ட மின்னழுத்தம் மைனஸ் 0.44 வோல்ட். துத்தநாகம் மைனஸ் 0.76, வெள்ளீயம் மைனஸ் 0.14. இந்த மூன்று எண்களில் கதை முடிந்தது. கூரைத் தகட்டில் கீறல் விழுந்தால், பக்கத்திலிருக்கும் துத்தநாகம் ‘நான் போறேன், நீ இரு’ என்று முதலில் கரைகிறது. காயத்தைத் தன் உடம்பைக் கொடுத்துக் காக்கிறது. டப்பாவிலோ தலைகீழ். பூச்சு முழுசாக இருக்கும்வரை அருமையான காவல். ஓர் ஓட்டை விழுந்துவிட்டால் வெள்ளீயம் நல்லபிள்ளையாக உட்கார்ந்திருக்கும், இரும்பு அந்த ஓட்டை வழியே வேகமாக அரிக்கப்படும். பூச்சே இல்லாமல் இருந்திருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் ஓட்டை விழாது.

எனவே பூச்சு உண்டா இல்லையா என்று கேட்பது சின்னப்பிள்ளைத்தனம். சேதம் வரும்போது அந்தப் பூச்சு யார் பக்கம் நிற்கிறது என்பதே கேள்வி. ஒரு நாவலின் மொழியைப் பற்றியும் இதைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘மொழி வெறும் பூச்சு’ என்று சொல்வதைவிடக் கொஞ்சம் கடினமான கேள்வி. பக்கங்களைத் திரும்பப் புரட்ட வேண்டியிருக்கும்.

தங்க நிறத்தில் மின்னும் டிரில் பிட்டைக் கடையில் பார்த்திருப்பீர்கள். சில மைக்ரான் தடிமனில் டைட்டானியம் நைட்ரைடு. தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அதற்குக் கீழே இருக்கும் எஃகைவிடப் பல மடங்கு கடினமானது, எஃகைக் குடையும்போது தேய்மானத்தை அதுதான் வாங்கிக்கொள்கிறது. மின்னுகிறது, பொன்னல்ல. பொன்னாக இருந்தால் முதல் சுற்றிலேயே வழிந்துபோயிருக்கும்.

3

ஏமாற்று என்று பேசும்போது நாம் அதிகம் எடுத்துவிடுகிற சொல் ‘கவரிங்’. சிதம்பரம் கவரிங் என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. உள்ளே செம்போ பித்தளையோ, மேலே மெல்லிய தங்கப் படிவு. ‘கவரிங் கவிதை’ என்று ஒருவரைக் கிண்டலடிக்கிறோம். கல்யாண வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு போகிற பெண் யாரை ஏமாற்றுகிறாள்? அடகுக் கடையில் இருக்கும் செயினைப் பற்றி ஊரே பேசாமல் இருப்பதற்கு அவள் வாங்கிய காப்பு அது. வேலை செய்கிற பூச்சு. தங்கத்தின் ஆழத்தைப் பற்றிப் பேச லாக்கர் வைத்திருப்பவர்களால்தான் முடியும்.

சமையலறைக்கு வாருங்கள். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், செம்பு கரைந்து குழம்பில் இறங்கும். அதனால் உள்ளே ஈயம் பூசினார்கள். அந்த ஈயம் காரீயம் அல்ல, வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகிவிடும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் போட்டு அழுக்கெடுத்து, ஈயத்துண்டை வைத்து, பஞ்சாலோ துணியாலோ ஒரே வீச்சில் வழித்துப் பரப்புவார்கள். தெருமுனையில் துருத்தி வைத்துக்கொண்டு செய்கிற வேலை. வெப்பம் ஒருபடி கூடினால் ஈயம் கருகும், குறைந்தால் ஒட்டாது. தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான். அன்றாடம் ஒரு குடும்பம் செம்பு நஞ்சைத் தின்னாமல் இருந்தது அந்தக் கண்ணால்.

அந்த வேலை ஒருமுறை செய்தால் முடிந்துபோகிறதும் அல்ல. ஈயம் தேயும், மறுபடி பூச வேண்டும். பூச்சின் மேல் நமக்கு இருக்கும் இளக்காரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பூச்சு என்றால் பராமரிப்பு. பராமரிப்புக்குக் கல்வெட்டு கிடையாது.

பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்படும்வரை, 1964 புயலின் அழிவையும் தாண்டி, நூறாண்டுக்கு மேல் கடலுக்கு நடுவே இருந்தது. நடுவிலிருந்த தூக்குப்பாலத்துக்கு ஷெர்சர் என்பவரின் பெயர். சரி, அந்த வகைத் தூக்குப்பாலத்தை உருவாக்கியவர் அவர். ஆனால் அந்த உப்புக்காற்றில் எஃகு தன் சொந்த ஆழத்தால் நூறாண்டு நிற்காது. துருவைச் சுரண்டி, மாற்ற வேண்டிய உறுப்பை மாற்றி, மறுபடி மறுபடி வண்ணம் பூசியவர்களால் நின்றது. அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இதற்கு நேர் எதிரான ஒரு மயக்கமும் உண்டு. தில்லி இரும்புத்தூண். ‘1600 வருஷமா துருப்பிடிக்கல, நம்ம முன்னோர்கள் ரகசியம்’ என்று வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வரும். ஐஐடி கான்பூரில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் அந்த ‘ரகசியத்தை’ விளக்கி எழுதிவிட்டார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, இரும்பின் மேல் ஒரு மெல்லிய பாஸ்பேட் படலம் உண்டானது, அது துருவைத் தடுத்தது. அதாவது, நாம் ஆழத்தின் மகிமை என்று கும்பிடுகிற அந்தத் தூணையும் ஒரு பூச்சுதான் காக்கிறது. மண்ணுக்குள் புதைந்திருந்த அதன் அடிப்பகுதி துருப்பிடித்தே இருந்தது.

4

இந்த இளக்காரத்துக்கு விலை உண்டு என்று சொன்னேனே, கணக்குக்கு வருகிறேன்.

உலோக அரிப்பால் உலகம் ஆண்டுக்கு இழப்பது 2.5 லட்சம் கோடி டாலர் என்று நேஸ் என்ற சர்வதேச அரிப்புப் பொறியாளர் அமைப்பு 2016-இல் மதிப்பிட்டது. உலக உற்பத்தியில் 3.4 சதவீதம். அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: ஏற்கெனவே கையில் இருக்கும் முறைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே அதில் 15 முதல் 35 சதவீதம்வரை மிச்சப்படுத்தலாம். புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. தெரிந்ததைச் செய்தால் போதும். நம் காரைக்குடியிலேயே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இலிருந்து இயங்குகிறது. அரிப்பும் மின்முலாமும் அங்கே முக்கியமான ஆய்வுப் பொருள்கள். நமக்குத் தெரியாமல் இல்லை.

தெரிந்தும் செய்யாததற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம். நானே இருக்கிறேன்.

ஊரில் எங்கள் வீட்டு இரும்பு கேட் துருவேறியிருந்தது. பெயிண்டர் அண்ணன் வந்து பார்த்தார். “தம்பி, ரெண்டு நாள் சுரண்டணும். அப்புறம் ரெட் ஆக்சைடு. அது காஞ்ச பிறகுதான் பெயிண்ட்டு.”

“ரெண்டு நாளாண்ணா? சும்மா சுரண்டுறதுக்கா கூலி? மேலாப்புல தேச்சுட்டு அடிச்சிருங்க.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உங்க கேட்டு, உங்க காசு தம்பி” என்றார்.

அடுத்த மழைக்கே கொப்புளம் விட்டது. அடியில் மிச்சமிருந்த துரு மேலும் வளர்ந்தது. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் பெயிண்டைத் தூக்கிவிடும். வண்ணம் பூசுகிற வேலையில் வண்ணம் பூசுவது கடைசி வேலை, முக்கால்வாசி வேலை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. பெரிய பாலங்களுக்கும் தொட்டிகளுக்கும் மணலையோ எஃகுத் தூளையோ பீய்ச்சி இந்த அளவுக்குத் துப்புரவாக்க வேண்டும் என்று சர்வதேசத் தரம் இருக்கிறது. எஃகின் வெப்பம் பனிநிலையைவிட மூன்று டிகிரியாவது மேலே இருந்தால்தான் பூச வேண்டும் என்ற விதி இருக்கிறது. இதெல்லாம் நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவை. ஆனாலும் ஓர் அனுபவசாலியிடம் இரண்டு நாள் கூலியைப் பிடுங்கப் பார்த்தேன். ஏன்? ‘வெறும் பெயிண்ட்தானே’ என்ற நினைப்பு என்னிடமும் இருந்தது.

டெண்டர் எழுதுகிற அதிகாரி, அதை எடுக்கிற காண்டிராக்டர், மேற்பார்வையிடுகிற இன்ஜினியர் எல்லோரிடமும் இதே நினைப்பு இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கம்பி எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு என்று எண்ணுவார்கள். சுரண்டினார்களா என்று யார் போய்ப் பார்ப்பது?

5

இப்போது என் தரப்பையே சுரண்டிப் பார்க்க வேண்டும்.

பூச்சுகளின் ராஜா என்று ஒரு காலத்தில் கொண்டாடப்பட்டது கடினக் குரோம். ஹைட்ராலிக் தண்டுகள், அச்சுகள், விமானத்தின் தரையிறங்கும் கால்கள் எல்லாவற்றிலும் அதுதான். பளபளப்பும் உண்டு, கடினமும் உண்டு. ஆனால் அதைப் படியவைக்கும் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிற குரோமியம். மின்சாரம் பாயும்போது குமிழிகள் எழுந்து உடைந்து, அமிலப் பனி கிளம்பும். அதைத் தொடர்ந்து சுவாசித்தால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும், நுரையீரல் புற்றுநோய் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை முதல் பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதியானவற்றோடு வைத்திருக்கிறது.

தொழிற்பேட்டைகளின் பின்சந்துகளில் இருக்கும் பிளேட்டிங் பட்டறைகளைப் பார்த்திருக்கிறீர்களா? பளபளக்கும் குழாயும் பைக் சைலன்சரும் வெளியே வருகிற வாசலை மட்டும் பார்த்திருப்போம். உள்ளே தகரக் கொட்டகை, வரிசையாகத் தொட்டிகள், ரப்பர் கையுறையும் கைக்குட்டையுமாக நிற்கிற ஆட்கள். பூச்சு தாழ்ந்த வேலை என்று ஒரு சமூகம் முடிவு செய்துவிட்டால், அந்த வேலையைச் செய்கிறவனின் மூக்கும் தாழ்ந்ததாகிவிடுகிறது.

ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். அது முக்கியமாகத் தோல் பதனிடும் தொழிலுக்காக இயங்கிய ஆலை, பிளேட்டிங் பட்டறையின் பாவத்தை அப்படியே அதன்மேல் ஏற்ற முடியாது. ஆனால் அதே தனிமம், அதே நஞ்சு. மழை பெய்தால் மஞ்சளாகக் கசிந்து நிலத்தடி நீருக்குப் போகிறது. 2006-இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது.

“பாத்தீங்களா, அதான் மேற்பூச்சே வேண்டாங்கிறோம்” என்று யாராவது சொன்னால், அது சோம்பேறித்தனமான முடிவு. மாற்று இருக்கிறது. அலங்காரப் பூச்சுக்கு மூன்று இணைதிறக் குரோமியம் வந்துவிட்டது. விமானக் கால்களுக்கு, டங்ஸ்டன் கார்பைடு தூளை ஒலியைவிட வேகமான சுடரில் ஊதிப் படியவைக்கிற முறை வந்துவிட்டது. ஐரோப்பாவில் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் அந்தப் பழைய குரோமிய அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. நம் பட்டறைகளில் குறைந்தபட்சம் தொட்டியோரம் புகை உறிஞ்சியாவது வைக்கலாம். இதைக் கேட்க வேண்டியவர்கள் யார்? பளபளப்பை வாங்குகிற நாம். பளபளப்பை ரகசியமாக விரும்பிக்கொண்டு வெளியே ஆழம் பேசுகிறவர்களால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. வெறுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒன்றுக்கு யாரும் தரம் நிர்ணயிப்பதில்லை.

விவாதக் கூட்டத்து நண்பருக்கு ஒன்று சொல்ல ஆசை. நீங்கள் படித்த நாவல் மோசமானதாகவே இருக்கலாம். சுரண்டினால் உதிர்கிறது என்றால், அடியில் துருவை விட்டுவிட்டு மேலே பூசியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சுரண்டும் வேலையைச் செய்யாமல் தப்பித்திருக்கிறார் என்று அந்த எழுத்தாளரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். பூச்சைத் திட்டாதீர்கள்.

கேட்டுக்கு மறுபடி அதே பெயிண்டர் அண்ணனைத்தான் கூப்பிட்டேன். வந்தார், பழசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த முறை இரண்டரை நாள் சுரண்டினார், போன தடவை அடித்ததையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்ததே. கம்பி பிரஷ்ஷிலிருந்து தூள் பறந்தபடி இருந்தது. வீட்டு பெயிண்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கேட்டின் அடி அடுக்குகள் அதற்கு ரொம்ப முந்தியவை. அவர் முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும் கட்டியிருந்தார். நான் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் நல்ல மாஸ்க் நாலு வாங்கி வந்து கொடுத்தேன்.

“இத்தனை வருஷம் கழிச்சா தம்பி?” என்று சிரித்துவிட்டு, ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு மறுபடி சுரண்ட ஆரம்பித்தார்.